இரு வட்டங்களின் பொதுப் பரப்பு: தொகையிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2 அலகு ஆரமுள்ள இரு வட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் மையம் ஆதிப்புள்ளி, மற்றதன் மையம் (2, 0). ஒவ்வொரு வட்டமும் மற்றதன் மையத்தின் வழியே செல்கிறது. சமபக்க முக்கோணம் வரைவதற்கு யூக்ளிட் கையாண்ட அதே படம்தான் இது. ஒரு சமன்பாட்டிலிருந்து மற்றதைக் கழித்தால் எக்ஸ் = 1 என வரும்; வெட்டும் புள்ளிகள் (1, √3), (1, −√3).

தொகையிடும் முன்பே விடை எந்த அளவில் இருக்கும் என்று பார்த்துவைக்காததுதான், என் கணிப்பில், முதல் தவறு. மையங்களையும் வெட்டும் புள்ளிகளையும் இணைத்தால் கிடைக்கும் சாய்சதுரம் பொதுப் பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. அதன் பரப்பு 2√3, ஏறத்தாழ 3.46. பொதுப் பகுதியோ 2 அலகு அகலமும் 2√3 அலகு உயரமும் உள்ள செவ்வகத்துக்குள் அடங்குகிறது. அதன் பரப்பு 6.93. ஆகவே விடை இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும்.

அடுத்தது, வில்லை மாற்றி எடுப்பது. ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட வட்டம் இடப்பக்கம் இருப்பதால், 0 முதல் 1 வரை அதன் வில்லையே எடுக்க வேண்டும் என்று தோன்றும். உண்மையில் அந்த இடைவெளியில் தாழ்வாக இருப்பது வலப்பக்க வட்டத்தின் வில். பொதுப் பகுதிக்கு மேல் எல்லை அதுதான். 1 முதல் 2 வரைதான் முதல் வட்டத்தின் வில் எல்லையாகிறது. மாற்றி எடுத்தால் 2√3 + 4π/3, அதாவது 7.65 வரும், செவ்வகத்தையே மிஞ்சும் இந்த விடை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ‘மேல் வளைவு கழித்தல் கீழ் வளைவு’ என்ற சூத்திரத்தை நினைத்து இரு மேல் வில்களையும் 0 முதல் 2 வரை கழித்துத் தொகையிட்டவருக்குச் சுழியம்தான் கிடைக்கும்.

சமச்சீரைப் பயன்படுத்தினால், √(4 − எக்ஸ்²) என்பதை 1 முதல் 2 வரை தொகையிட்டு 4-ஆல் பெருக்கினால் போதும்: 8π/3 − 2√3, ஏறத்தாழ 4.91. 2-ஆல் மட்டும் பெருக்கி நிறுத்தினால் 2.46, சாய்சதுரத்தைவிடக் குறைவு. இந்தத் தொகையீட்டில் வரும் நேர்மாறு சைன் மதிப்புகளை ரேடியனில் π/2, π/6 என எழுதாமல் 90, 30 என்று பாகையில் பிரதியிட்டால் விடை நானூறைத் தாண்டிவிடும். அதற்கு விளக்கம் தேவையில்லை.

மேலே சொன்ன சோதனையிலும் தப்பிவிடும் தவறு ஒன்று உண்டு. ஒய் வழியே தொகையிடுவது எளிது, ஏனெனில் பிரிக்காமல் ஒரே தொகையாக முடியும்: கிடைமட்ட அகலம் 2√(4 − ஒய்²) − 2. ஆனால் ஆரம் 2 என்பதால் எல்லைகளை −2, 2 என்று போட்டுவிட்டால் விடை 4π − 8, அதாவது 4.57, சாய்சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் நடுவில் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும். சரியான எல்லைகள் −√3, √3. ஐயமிருந்தால் ஒய் = 1.9 என்று பிரதியிட்டுப் பாருங்கள்: அகலம் −0.75 என்று வரும், ஏனெனில் அந்த உயரத்தில் பொதுப் பகுதியே கிடையாது.