தத்துப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லி, விசுவாசத்தில் வளர்ப்பது எப்படி?

நானும் என் கணவரும் பாளையங்கோட்டையில் ஒரு சிஎஸ்ஐ சபையைச் சேர்ந்தவர்கள். நாங்கள் தத்தெடுத்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பிள்ளை எடுக்க நினைக்கும் தம்பதிகளை எங்கள் குருவானவர் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைப்பார். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: வேத வசனத்தைப் பிள்ளையின் கேள்வியை மூடும் மூடியாகப் பயன்படுத்தாதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். அதைத் தாங்குவதற்குத்தான் நமக்கு விசுவாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

விண்ணப்பிப்பதற்கு முன்

குழந்தை இல்லாத துக்கத்தை முதலில் அழுது தீருங்கள். சபையில் ஒவ்வொரு ஸ்தோத்திர ஆராதனையிலும் "கர்ப்பத்தின் கனி அவரால் கிடைக்கும் பலன்" என்று வாசிக்கும்போது நெஞ்சு அடைக்கிறதா? அதைக் கர்த்தரிடம், வேதத்தில் வரும் பிள்ளையில்லாத அன்னாளைப் போல அழுதே சொல்லலாம். அவள் அழுகையைக் குடிவெறி என்று நினைத்தவன் ஆசாரியன்; கர்த்தர் அப்படி நினைக்கவில்லை. இந்தத் துக்கம் ஆறாமல் போய்ப் பிள்ளையை எடுத்தால், உங்கள் காயத்துக்கு மருந்தாகும் வேலை அந்தப் பிள்ளையின் தலையில் விழும். சிறு குழந்தை செய்யக்கூடிய வேலையா அது?

இன்னொன்றையும் மனத்திலிருந்து பிடுங்கி எறியுங்கள். "ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் அந்த ராசியில் உங்களுக்கு ஒன்று பிறக்கும்" என்று உறவினர்கள் சொல்வார்கள். சில ஜெபக் கூட்டங்களில்கூட அப்படியே ஜெபிக்கிறார்கள். அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்லாதீர்கள். வருகிற பிள்ளை வேறொரு பிள்ளைக்கு வழிகாட்டிப் பலகை அல்ல.

திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லும் யாக்கோபு நிருபத்தின் வசனத்தைச் சபைக்கு நினைப்பூட்டுங்கள். அது சபையின் கடமை. பிள்ளையை அழைத்துவரும் காரணமாக அதை வைத்துக்கொண்டால், பத்து வயதில் அவள் தன்னை உங்கள் தர்மக் கணக்கில் ஒரு வரியாகப் பார்ப்பாள். உங்களுக்கு ஒரு மகள் வேண்டும், மகன் வேண்டும் என்பதே போதுமான காரணம்.

சட்ட வழி, அதுமட்டும்தான் வழி

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. என் பெரியம்மா காலத்தில் கிறிஸ்தவர்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 'பாதுகாவலர்' ஆக மட்டுமே முடிந்தது. பெற்றோர் என்று எழுத முடியாது. சிறார் நீதிச் சட்டம்தான் அதை மாற்றியது. எந்த மதத்தினரும் அந்தச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. எங்களுக்கு நீதிமன்றம் ஆணை தந்தது. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். ஆணை வந்த நாளிலிருந்து பிள்ளை எல்லா வகையிலும், சொத்துரிமை உட்பட, உங்கள் பிள்ளை. புதிய பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர்களே இருக்கும்.

மத்தியத் தத்தெடுப்பு அமைப்பான 'காரா'வின் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். கணினி பழக்கமில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள், உதவுவார்கள். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசி அறிக்கை எழுதுவார். அவருக்காக வீட்டை வெள்ளையடிக்க வேண்டாம். மாமியாருக்கு விருப்பமில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளலாம். குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், ஆகவே நீங்கள் இருவரும் பேச வேண்டியதை எல்லாம் காத்திருக்கும் காலத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

"தெரிந்த நர்ஸ் ஒருவர் இருக்கிறார், பிரசவம் முடிந்ததும் கையில் கொடுத்துவிடுவார்" என்று யாராவது வந்தால், அவர் ஜெபக்குழுத் தலைவராகவே இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2019இல் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனையைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அது குற்றம், சிறைத் தண்டனை உண்டு. அதைவிடப் பெரியது, அந்தத் தாய்க்குச் சட்டம் கொடுத்திருக்கும் 60 நாள் அவகாசத்தை நாம் திருடுகிறோம் என்பது. பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ளவே அந்த 60 நாள்.

வீட்டுக்கு வந்த புதிதில்

குழந்தை இதுவரை இருந்த காப்பகத்தில், அதாவது இல்லத்தில், அவளைப் பார்த்துக்கொண்ட அக்காவிடம் நேரம் எடுத்துப் பேசுங்கள். எப்போது தூங்குவாள், எந்தப் பாட்டுக்குச் சமாதானமாவாள், எந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பாள் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் படுத்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, துவைக்காமல் தொட்டிலில் போடுங்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே வாசனை அது.

நம் ஊர் வீடுகளில் குழந்தை வந்தால் தெருவே கைமாற்றிக் கொஞ்சும். இந்தப் பிள்ளைக்கு அது ஆகாது. பலர் கைகளில் வளர்ந்து, யாரிடம் போனாலும் ஒன்றுதான் என்று பழகியவள் அவள். முதல் சில மாதங்கள் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது மூன்றையும் நீங்கள் இருவர் மட்டும் செய்யுங்கள். அத்தைமாருக்கு வருத்தம் வரும். வரட்டும், பிறகு ஆறும். இரவில் அழாமல் விழித்துக் கிடந்தால் "எவ்வளவு சமர்த்து" என்று மகிழாதீர்கள். அழுதும் யாரும் வராத இரவுகளைச் சில குழந்தைகள் கண்டிருக்கிறார்கள். அழாவிட்டாலும் எழுந்து போய்த் தூக்குங்கள். சற்றுப் பெரிய பிள்ளை தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்து வைத்தால் திருட்டு என்று அதட்டாதீர்கள். அவள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் எப்போதும் ஏதாவது இருக்கட்டும்.

பெயரை முழுதாக மாற்றாதீர்கள். தத்துப் பிள்ளையாக வளர்ந்த எஸ்தருக்கு அத்சாள் என்ற பெயரும் இருந்தது. வேதம் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறது. இல்லத்தில் வைத்த பெயரை நடுப்பெயராகவாவது விட்டுவையுங்கள்.

சபையில்

ஞானஸ்நானத்துக்கு முன்பே குருவானவரிடம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்று, மற்றப் பிள்ளைகளுக்குச் செய்கிற அதே ஆராதனை, அதே பதிவேடு. தனி விளக்கம் எதுவும் பீடத்திலிருந்து வேண்டாம். இரண்டு, இந்தப் பிள்ளையின் கதையைப் பிரசங்க உதாரணமாக்கக் கூடாது. நற்செய்திக் கூட்டத்தில் மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்பவர்களும் வருவார்கள். அந்தக் கதை அவளுடையது; நீங்களே அதை எடுத்து விநியோகிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையை முன்கூட்டியே பாருங்கள். மோசே நாணற்பெட்டியில் மிதந்த பாடம் வரும் வாரம் "நம் வகுப்பிலும் ஒரு மோசே இருக்கிறாள்" என்று அன்போடு சொல்லிவிடுவார். அன்போடு சொன்னாலும் வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்குமே.

"எப்படியிருந்தாலும் உங்கள் இரத்தம் இல்லையே" என்று அசன விருந்தில் இலை போடும் நேரத்தில் ஒருவர் சொல்வார். மத்தேயு முதல் அதிகாரத்தை அவருக்கு நினைப்பூட்டுங்கள். ஆபிரகாமிலிருந்து தாவீது வழியாக இறங்கிவரும் அந்த வம்ச வரலாறு யோசேப்பிடம் வந்து முடிகிறது. இயேசுவைப் பெறாத யோசேப்பு, தேவதூதன் சொன்னபடி அவருக்குப் பெயரிட்டுத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டான். அதனால்தான் அவர் தாவீதின் குமாரன். இரத்தத்தை அளந்து பார்க்கும் கிறிஸ்தவனுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்வது

இதில்தான் பெரும்பாலானவர்கள் தயங்குகிறார்கள். "பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம்" என்பார்கள். அதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோ கல்யாண வீட்டில் ஒரு சித்தியோ சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அவள் இழப்பது உங்கள் வாய்ச்சொல்லின் மேல் இருந்த நம்பிக்கையை.

பேச்சு புரியாத வயதிலேயே தொடங்குங்கள். குளிப்பாட்டும்போது சொல்லிப் பழகுங்கள். உங்கள் நாக்குக்குத்தான் அந்தப் பயிற்சி. மூன்று நான்கு வயதில் இவ்வளவு போதும்: "நீ வேறொரு அம்மாவின் வயிற்றில் வளர்ந்தாய். அந்த அம்மாவால் எந்தப் பிள்ளையையும் அப்போது வளர்க்க முடியவில்லை. நாங்கள் உனக்கு அம்மா அப்பா ஆனோம். இனி எப்போதும் இங்கேதான்."

சொல்லக்கூடாதவை சில உண்டு. "உன்மேல் அன்பு இருந்ததால்தான் அந்த அம்மா உன்னைக் கொடுத்துவிட்டாள்" என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் குழந்தை அன்றிரவு யோசிக்கும்: நீங்களும் என்மேல் அன்பாக இருக்கிறீர்களே, நீங்களும் கொடுத்துவிடுவீர்களா? "கர்த்தர் எங்களுக்காக உன்னை அவளிடமிருந்து எடுத்துத் தந்தார்" என்பதும் வேண்டாம். ஒரு தாயின் கண்ணீரில் நமக்குப் பரிசு வாங்கித் தருகிறவராகத் தேவனைக் காட்டாதீர்கள். "பல குழந்தைகளில் உன்னைத் தேர்ந்தெடுத்தோம்" என்றால், தேர்ந்தெடுக்கப்பட்டவள் பிழைசெய்தால் என்ன ஆகும் என்ற பயம் வரும்.

"அவர்கள் ஏன் என்னை விட்டார்கள்?" என்று கேட்டால், ஆவணத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். இல்லாததற்கு "எனக்குத் தெரியாதம்மா" என்று சொல்லுங்கள். கற்பனைக் கதை கட்டாதீர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இன்னும் விரிவாகப் பேசலாம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது, திருமணமாகாத பெண் கருவுற்றால் ஊர் அவளை என்ன செய்கிறது, வறுமை எப்படி ஒரு வீட்டை உடைக்கிறது என்பதை எல்லாம் சொல்லுங்கள். தன்னிடம் இருந்த ஏதோ குறைதான் காரணம் என்று எல்லாப் பிள்ளைகளும் உள்ளுக்குள் எண்ணுகிறார்கள். அதை உடைப்பதற்கு இந்த வரலாறு உதவும்.

எந்த வசனம், எந்த ஜெபம்

நல்லெண்ணத்தோடு பலர் இந்தப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பது சங்கீதம் 27:10: "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்." அற்புதமான வசனம்தான். ஆனால் நீங்கள் அதைக் கையில் கொடுக்கும்போது பிள்ளையின் காதில் முதல் பாதி மட்டுமே விழும். அதை அவளே ஒருநாள் கண்டுபிடிக்கட்டும். அதுவரை 139ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள். "என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்" என்னும்போது, சுமந்த அந்தத் தாய்க்கும் நம் குடும்ப ஜெபத்தில் இடம் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் மகளின் பிறந்தநாள் காலையில் அந்தத் தாய்க்காக ஜெபிப்போம். பெயர் தெரியாது, கர்த்தருக்குத் தெரியும். சில ஆண்டுகள் மகள் சேர்ந்து ஜெபிக்க மறுத்தாள். கட்டாயப்படுத்தவில்லை, நாங்கள் இருவரும் ஜெபித்தோம்.

"நீ என் அம்மா இல்லை" என்று கதவைச் சாத்தும் வயதும் வரும். அப்போது உபவாசம் போட்டுப் பிசாசைத் துரத்தக் கிளம்பாதீர்கள். கதவுக்கு வெளியே இருந்து "சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன், நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். பெற்ற தாய்மாரும் இதே கதவின் முன் நிற்கிறார்கள். துக்கம் ஆழமாக இருந்து தூக்கமும் படிப்பும் கெட்டால் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. பதினெட்டு வயதுக்குப் பின் தன் வேரைத் தேட அவளே விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தகவலை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

சில காலம் வளர்த்துக் கொடுப்பவர்களுக்கு

வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளையை எடுப்பவர்களின் சிலுவை வேறு. பிள்ளை திரும்பிப் போகலாம் என்று தெரிந்தே நெஞ்சைக் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. 2024ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்படி மணமாகாதவர்களும் இதைச் செய்யலாம்; பிள்ளை தத்துக்கொடுப்பதற்குச் சட்டப்படி விடுவிக்கப்பட்டிருந்தால் இரண்டு ஆண்டுகள் வளர்த்த பிறகு தத்தெடுக்கவும் விண்ணப்பிக்கலாம். எங்கள் மாவட்டத்து டோனாவூரில் 1901 முதல் மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். இன்று தேவைப்படுவது அப்படிப்பட்ட பெரிய வளாகங்கள் அல்ல, ஒரு பிள்ளைக்குத் திறக்கும் சாதாரண வீடுகள்.

பெற்றவர்களைப் பற்றி அந்தப் பிள்ளையின் முன் ஒரு சொல்லும் கடுமையாகப் பேசாதீர்கள். அவர்கள் குடியை விட, வேலை கிடைக்க, வீடு சேரப் பிள்ளையோடு சேர்ந்து ஜெபியுங்கள். அந்த ஜெபம் கேட்கப்பட்டால் பிள்ளை உங்களை விட்டுப் போகும் என்பது தெரிந்தே ஜெபியுங்கள். தன் மகனையே கூலிக்குப் பாலூட்டி, வளர்ந்ததும் அரண்மனையில் கொண்டுபோய் விட்ட மோசேயின் தாய் யோகெபேத்தை அப்போது படியுங்கள். போகும் நாளில் புகைப்படங்களையும் தடுப்பூசி அட்டையையும் அவளுக்குப் பிடித்த போர்வையையும் கூடவே அனுப்புங்கள். அடுத்த பிள்ளைக்குச் சரி என்று சொல்லும் முன் சில மாதங்கள் இடைவெளி விடுங்கள். அந்த மாதங்களில் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டால், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாமல், இரவுச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லுங்கள்.