வேதிவினை வேகக் கணக்கீட்டின் சுமையைக் குறைக்க

பெங்களூருவில் எரிதல் குறித்து ஆராயும் நம் மாணவர்களில் பலர், கணக்கீடு மெதுவாக ஓடுகிறது என்றதும் பெரிய கணினியில் இடம் கேட்டுக் காத்திருக்கிறார்கள். அதற்கு முன் வினைத்தொகுதியையே, அதாவது கணக்கில் சேர்க்கும் வேதியினங்கள், வினைகள் ஆகியவற்றின் பட்டியலையே, இளைக்க வைத்துப் பார்ப்பது நல்லது. மீத்தேன் எரிதலுக்குப் பரவலாகப் பயன்படும் ஜிஆர்ஐ-மெக் 3.0 தொகுதியில் 53 வேதியினங்களும் 325 வினைகளும் உள்ளன. நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவு உங்களுக்குத் தேவையில்லை என்றால், நைட்ரஜன் வாயுவை மட்டும் வைத்துக்கொண்டு, நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு முதலான 17 இனங்களையும் அவை பங்கேற்கும் வினைகளையும் நீக்கிவிடலாம். உள்ளுறை முறையில், அதாவது அடுத்த நேரப்படியின் மதிப்புகளையே அறியாதவையாக வைத்துச் சமன்பாடுகளைத் தீர்க்கும்போது, ஒவ்வோர் இனத்தின் மாற்ற வேகமும் மற்ற இனங்களின் அளவைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று காட்டும் ஜேகோபியன் அணியை, சுழி உறுப்புகளையும் விடாமல் முழு அணியாகவே கையாண்டால், அதைக் காரணிப்படுத்தும் வேலை இனங்களுடைய எண்ணிக்கையின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே 53 என்பது 36 ஆனதும் அந்த வேலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

சொந்தமாக நிரல் எழுதுவோருக்கு இன்னொரு வழியும் உண்டு. வினையின் வேக மாறிலி வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று தரும் அர்ரீனியஸ் சமன்பாட்டில், அடுக்குக்குறிக்கு முன் பெருக்கலாக வரும் முன்காரணிகளுக்குரிய மடக்கைகளைத் தொடக்கத்திலேயே கணக்கிட்டுச் சேமித்துவிட்டு, வெப்பநிலையின் மடக்கையையும் தலைகீழியையும் ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு முறை கண்டுகொண்டால், வேக மாறிலி ஒன்றுக்கு ஓர் அடுக்குக்குறிச் சார்பு மட்டுமே மிஞ்சும். பார்வைக்கு இது அற்பமான மாற்றம்தான். ஆனால் நிரலின் இந்த வரி கணக்கீட்டு வலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நேரப்படியிலும் ஓடுகிறது.

இனங்களைக் குறைத்த பிறகு, நீங்கள் ஆராயும் வெப்பநிலை, அழுத்த எல்லைக்குள் பற்றவைப்புத் தாமதத்தையும் சுடர் வேகத்தையும் முழுத் தொகுதியின் விடையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 1 வளிமண்டல அழுத்தத்தில் பொருந்திய தொகுதி 20 வளிமண்டல அழுத்தத்திலும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.