திருட்டு பிடிஎஃப்: எங்கே தட்டினால் நீங்கும்?

ஒரு பதிப்பகத்தில் உரிமைகள் தொடர்பான வேலையைப் பார்க்கிறேன். புதுப் புத்தகத்தின் பிடிஎஃப் எங்காவது கசிந்துவிட்டால் எழுத்தாளரிடமிருந்து ஸ்கிரீன்ஷாட்டும் கோபமும் சேர்ந்தே வரும். கோபம் நியாயம்தான். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஒரு கோப்பையும் இணையத்திலிருந்து நீக்க முடியாது. அந்தப் பக்கத்தின் முழு லிங்க் வேண்டும். நான் முதலில் கேட்பதும் அதைத்தான்.

நாமே தேடுவதென்றால், நாம் கொடுத்த சொற்கள் இணையத்தில் புதிதாகத் தென்பட்டால் மின்னஞ்சல் அனுப்பும் கூகுள் அலர்ட்ஸில் தலைப்பையும் எழுத்தாளர் பெயரையும் மேற்கோள் குறிக்குள் போட்டு வையுங்கள். தமிழில் மட்டும் போட்டால் நிறைய நழுவிவிடும். ஸ்கேன் செய்து ஏற்றுகிறவர்கள் கோப்புக்கு ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாகப் பெயர் வைப்பார்கள். ழகரம் ஒன்றுக்கே எத்தனை எழுத்துக்கூட்டல்! ஒவ்வொன்றுக்கும் தனி அலர்ட் போடுங்கள். டெலிகிராமில் கிடப்பதை மட்டும் அந்தச் செயலிக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

சிக்கியதெல்லாம் திருட்டுப் பிரதி என்று நினைத்துவிடாதீர்கள். சில தளங்களில் அட்டைப் படமும் பெரிய டவுன்லோட் பொத்தானும் இருக்கும். அழுத்தினால் கார்டு எண் கேட்கும். உள்ளே புத்தகமே இருக்காது. ஆபத்தான தளங்களைப் பற்றி எச்சரிக்கும் கூகுள் சேஃப் பிரவுசிங்கில் மோசடித் தளம் என்று ஒரு புகார் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நிஜமான கோப்பு என்றால், அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். லிங்க் ஒரு வலைப்பூவில் இருக்கும். கோப்பு கூகுள் டிரைவிலோ மீடியாஃபயரிலோ உட்கார்ந்திருக்கும். வலைப்பூக்காரரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். டிரைவில் உள்ள கோப்பு போய்விட்டால், அதை நம்பியிருக்கும் அத்தனை வலைப்பூக்களும் ஒரே நேரத்தில் புஸ்வாணமாகிவிடும்.

நீக்கச் சொல்லிக் கேட்பதற்கான ஆயுதம், 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். பெரிய சேவைகள் பலவும் அமெரிக்க நிறுவனங்கள் என்பதால், நாம் எந்த நாட்டில் இருந்தாலும் இதன்படி கடிதம் அனுப்பலாம். வக்கீல் கட்டாயமில்லை. கடிதத்தில் இருக்க வேண்டியவை: எந்தப் புத்தகம், திருட்டுப் பிரதியின் சரியான லிங்க், உங்கள் தொடர்பு விவரம், இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி தரப்படவில்லை என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாக ஒரு வாக்கியம், தகவல்கள் சரியானவை என்றும் உரிமையாளர் சார்பில் பேச அதிகாரம் உண்டு என்றும் உறுதிமொழி, கையொப்பம். தட்டச்சு செய்த பெயரே கையொப்பத்துக்குப் போதும். அதிகாரம் உண்டு என்று பொய் சொன்னால் குற்றம். ஆகவே பழைய புத்தகம் என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். மின்னூல் உரிமை எழுத்தாளரிடமே இருந்தால் கடிதமும் அவர் பெயரில்தான் போக வேண்டும், அல்லது உங்களுக்கு அவர் எழுத்தில் அதிகாரம் தர வேண்டும்.

கூகுளில் ஒரு குழப்பம் உண்டு. தேடல் முடிவிலிருந்து நீக்குவது வேறு, டிரைவிலிருந்து நீக்குவது வேறு. கூகுளின் நீக்கக் கோரிக்கைப் படிவத்தில் சரியான சேவையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தேடலில் மறைந்த கோப்பு டிரைவில் சௌக்கியமாக இருக்கும். அதற்காகத் தேடல் படிவம் வீண் என்றில்லை. நியாயமான நீக்கக் கோரிக்கைகள் குவிந்த தளங்களை 2012 முதல் தேடலில் கீழே இறக்குகிறார்கள். இன்னொன்று: அந்தக் கோரிக்கைகளின் நகல் லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்துக்குப் போகும், அனுப்பியவர் பெயரும் அங்கே தெரியலாம். எழுத்தாளரை முன்னே நிறுத்தாமல் பதிப்பகத்தின் பெயரிலேயே அனுப்புவதை நான் விரும்புகிறேன்.

தளத்தின் சர்வர் யாருடையது என்று தேடினால் கிளவுட்ஃப்ளேர் என்று வரலாம். அது தளத்துக்கும் வாசகருக்கும் நடுவில் நின்று உண்மையான சர்வரை மறைக்கும் திரை. அவர்களின் புகார்ப் படிவத்தை நிரப்பினால் கோரிக்கை, தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் உண்மையான ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போகும். அந்த நிறுவனம் யார் என்பதும் உங்களுக்குத் தெரியவரும். அப்புறம் நேராக அங்கேயே எழுதலாம். டெலிகிராமில் பொதுச் சேனல் என்றால் பதிவு பதிவாக லிங்க் எடுத்து அவர்களின் டிஎம்சிஏ முகவரிக்கு அனுப்புங்கள். தனிப்பட்ட குழுக்களைப் பற்றிய புகாரை அவர்கள் தொடுவதில்லை.

கசிவே வராமல் தடுக்க, நகலெடுக்க முடியாதபடி மின்னூலுக்கு டிஜிட்டல் பூட்டு போடலாமா என்று கேட்பார்கள். பூட்டை உடைப்பவர் உடைத்துவிடுவார், காசு கொடுத்து வாங்கியவர்தான் புதுப் போனில் திறக்க முடியாமல் திண்டாடுவார். எனக்குப் பிடித்தது வாட்டர்மார்க். வாங்கியவரின் ஆர்டர் எண்ணைப் பக்கத்தின் அடியில் தெரியும்படி ஒருமுறை, கோப்புக்குள் தெரியாமல் ஒருமுறை பதித்துவிடுங்கள். ஈபப் என்ற மின்னூல் வடிவம் உள்ளே ஒரு ஜிப் கோப்புதான். விரித்து, ஏதாவது ஒரு அத்தியாயத்தின் நிரல் வரியில் எண்ணைச் செருகிவிட்டு மூடலாம். விமர்சனத்துக்குக் கொடுக்கும் பிரதிகளுக்கு இது அவசியம். கசிந்தால் எந்தப் பிரதி என்றாவது தெரியும். அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தால் இது உதவாது.

நீக்கப்பட்டதும் தேதியோடு ஒரு எக்செல் தாளில் குறித்து வையுங்கள். நீக்கியது தவறு என்று ஏற்றியவர் எதிர் அறிவிப்பு கொடுத்தால், நீங்கள் வழக்குப் போடாத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாட்களில் கோப்பு திரும்ப வந்துவிடலாம். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் விழுந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.