மெயில் கடைசில 'லுக் ஃபார்வர்ட் டு' எப்படி எழுதணும்

வேலைக்கு அப்ளை பண்றப்ப மெயில் கடைசில நிறைய பேரு 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ'ன்னு எழுதிடுறாங்க, அது தப்புங்க, 'டு ஹியரிங் ஃப்ரம் யூ'ன்னு தான் வரணும். 'டு'வுக்கு அப்புறம் ஐஎன்ஜி வரவே கூடாதுன்னு நமக்கு மனசுல பதிஞ்சு போச்சு, அங்க தான் சறுக்குது. 'வான்ட் டு கோ'ல வர்ற 'டு' வேற, இது 'இன்', 'ஆன்', 'ஃபார்' மாதிரி ஒரு ப்ரிபொசிஷன், இதுக்குப் பின்னாடி பெயர்ச்சொல்லோ இல்ல ஐஎன்ஜி சேர்ந்த வினையோ தான் நிக்கும்.

சந்தேகம் வந்தா 'டு'வுக்கு அப்புறம் 'இட்' போட்டுப் பாருங்க, 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' சரியா இருக்கு, 'ஐ வான்ட் டு இட்' நிக்கவே மாட்டேங்குது பாத்தீங்களா. 'இட்' பொருந்துச்சுன்னா தைரியமா ஐஎன்ஜி போடுங்க. 'ஐ அம் யூஸ்டு டு வொர்க்கிங் லேட்'டும் (லேட்டா வேலை பார்த்துப் பழகிடுச்சுன்னு அர்த்தம்) இதே கதை தான் (வெறும் 'ஐ யூஸ்டு டு வொர்க்'னா முன்னாடி செஞ்சேன் இப்ப இல்லன்னு அர்த்தம், அங்க ஐஎன்ஜி கிடையாது).

ஹெச்ஆருக்கு 'ஐ லுக் ஃபார்வர்ட்' நல்லாருக்கும், தெரிஞ்சவங்களுக்கு 'ஐ அம் லுக்கிங் ஃபார்வர்ட்' போதும். அவசரம்னா 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை'ன்னு முடிச்சிடுங்க, வினையே தேவையில்ல.