சீஸ்குவேக் காட்டு நடை: வழி சுலபம், உண்ணிதான் வில்லங்கம்

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் மே மாதம் ஆனதும் கேட்பார்கள்: "குழந்தைங்களோட போற மாதிரி ஈஸியா ஒரு ட்ரெயில் சொல்லுங்களேன்." நான் சொல்வது சீஸ்குவேக் ஸ்டேட் பார்க். பேருக்கும் பாலாடைக்கட்டிக்கும் சம்பந்தமில்லை, அது லெனாப்பே பழங்குடிகளின் சொல். கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் 120-ஆம் எக்ஸிட்டில் இறங்க வேண்டும்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெமோரியல் டே (மே கடைசி) முதல் லேபர் டே (செப்டம்பர் தொடக்கம்) வரை வாசலில் காருக்குக் கட்டணம் வாங்குவது வழக்கம், வெளிமாநில நம்பர் பிளேட் என்றால் கூடுதல். பாதைக்கு ஒரு நிறம், அந்த நிற அடையாளத்தை மரத்துக்கு மரம் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். மஞ்சள் பாதை சின்னது. பச்சை மூன்று மைல் சொச்சம், நடுவில் வெள்ளை சீடார் மரங்கள் நிற்கும் சதுப்பின் மேல் பலகைப் பாலம் வரும், நன்றாக இருக்கும். ஒரே மரத்தில் இரண்டு அடையாளம் மேலும் கீழுமாக இருந்தால் பாதை திரும்பப்போகிறது என்று அர்த்தம். குப்பைத் தொட்டி கிடையாது. புளியோதரை கட்டிக்கொண்டு போனால் டப்பா, ஸ்பூன், வாழைப்பழத் தோல் எல்லாம் உங்களோடு வீடு திரும்ப வேண்டும். பியர் கூடாது. வில்வம் மாதிரி மூன்று மூன்று இலையாக ஒரு கொடி மரத்தில் ஏறியிருக்கும், அது பாய்சன் ஐவி. தொட்டால் கொப்புளம் வரும், ஒரு வாரம் தூக்கம் போகும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு யாரும் சொல்லாதது உண்ணியைப் பற்றி.

நமக்கு உண்ணி என்றால் மாட்டுக் காதிலும் நாய்க் கழுத்திலும் ஒட்டியிருக்கும் சமாச்சாரம். வால்பாறையில் அட்டை கடித்தால்கூட ரத்தம் வழிந்து தெரிந்துவிடும், உப்பைப் போட்டால் உதிர்ந்துவிடும். இங்கே இருக்கிற கருங்கால் உண்ணி கடித்தால் வலிக்காது, அரிக்காது. வளர்ந்தது எள்ளு சைஸ், இளசு கசகசா சைஸ். அந்தக் கசகசாதான் மே, ஜூன், ஜூலையில் புல் நுனியில் காலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும். குதிக்காது, பறக்காது, உரசிக்கொண்டு போகிற காலில் தொற்றி மேலே ஏறும். அது கொண்டுவருவதுதான் லைம் நோய். பக்கத்தில் கனெக்டிகட்டில் இருக்கும் லைம் என்ற ஊரின் பெயரில் 1970-களில் வந்த பேர்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார், எல்லோரும் பச்சைப் பாதையில் நடந்தோம். நான் அரைக்கால் சட்டை, செருப்பு. வீட்டுக்கு வந்து காபி குடித்தோம், டிவி பார்த்தோம், படுத்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் மரு மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுக்குப் போயி இந்தப் பயமா? நம்ம செவலை காதுல ஒண்ணொண்ணும் கொட்டமுத்தாட்டம் தொங்கும்."

மண்ணெண்ணெய் இருக்கிறதா என்றார். இல்லை. தேங்காய் எண்ணெயை வைத்து அரை மணி நேரம் காத்திருந்தோம். அது அசையவில்லை. பிறகு நகத்தால் கிள்ளி எடுத்து டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் விட்டேன். இதில் ஒன்றுகூடச் சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எண்ணெய், தீக்குச்சி, நெயில் பாலிஷ் எதுவும் வைக்கக் கூடாது. கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுக்க வேண்டும். எடுத்ததை, பிறகு காய்ச்சலோ தடிப்போ வந்தால் டாக்டரிடம் காட்ட, ஜிப் பையில் போட்டுத் தேதி எழுதி வைக்க வேண்டும். பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் ஏறும் என்கிறார்கள். நாள் கணக்கில் இருந்திருக்கும் என்று தோன்றினால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கோடு முடிந்துபோக வாய்ப்பிருக்கிறது.

எனக்கு அப்படி முடியவில்லை. பத்து நாள் கழித்து அதே இடத்தில் ஒரு வட்டம் வந்தது. இணையத்தில் லைம் தடிப்பு என்று போட்டால் வரும் படங்களில் வெள்ளைக்காரர் காலில் அம்பெய்யும் குறி மாதிரி செக்கச்செவேலென்று இருக்கும். நம் மாநிறத்தில் அது சிவப்பாகவே தெரியாது. எனக்கு இருந்தது லேசாக ஊதா ஓடிய ஒரு கருப்பு வட்டம், அடிபட்ட தழும்பு மாதிரி, அரிப்பும் இல்லை. படர்தாமரை என்று முடிவுகட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த களிம்பை இரண்டு வேளை தேய்த்தேன். வட்டம் உள்ளங்கை அளவுக்குப் பெரிதானது. அப்புறம் காய்ச்சல், கழுத்து வலி. அவசரத்துக்குப் போன கிளினிக்கில் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு வைரல் என்றார்கள். காட்டுக்குப் போனீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை, காலைக் காட்ட எனக்கும் தோன்றவில்லை. அதற்கொரு பில். அடுத்த வாரம் இன்னொரு டாக்டர் பேன்ட்டை மடிக்கச் சொல்லிப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் மருந்து எழுதினார். ஆரம்ப வாரங்களில் பரிசோதனை ஒன்றும் காட்டாமல் போகலாமாம். அதற்கும் ஒரு பில். டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, அதைத் தொடாத வருஷம், இரண்டும் என் பையிலிருந்துதான் போயின.

ஆகவே, இங்கே கோடையில் காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் "காட்டில் நடந்தேன், உண்ணி கடித்தது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஊரில் செய்தித்தாளில் வரும் உண்ணிக் காய்ச்சல் வேறு, அது ஸ்க்ரப் டைபஸ். ஆனால் மருந்து இரண்டுக்கும் அதே டாக்சிசைக்ளின்தான். மாத்திரை விழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது, பாலும் சேராது என்றார் டாக்டர். இரண்டு வாரமும் கருப்புக் காபி குடித்தேன். நோயைவிட அதுதான் கொடுமையாக இருந்தது.

பயந்துகொண்டு வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லவில்லை, நாங்கள் இப்போதும் மாதம் ஒரு முறை போகிறோம். வெளிர் நிற முழுக்கால் பேன்ட், அதை சாக்ஸுக்குள் சொருகிவிட வேண்டும். பார்க்கக் கேலியாக இருக்கும், இருக்கட்டும். ஷூவுக்கும் துணிக்கும் உண்ணியைக் கொல்லும் பெர்மெத்ரின் ஸ்ப்ரே, தோலுக்கு அதை விரட்டும் டீட். பாதையின் நடுவில் நடங்கள், போட்டோவுக்காகப் புல்லில் உட்காராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் துணி நேரே டிரையருக்கு, அதிகச் சூட்டில் பத்து நிமிஷம். வெறும் சலவையில், அதுவும் குளிர்ந்த நீரில், அது சாகாது. பிறகு குளியல். அக்குள், தொப்புள், காதுக்குப் பின், இடுப்புப் பட்டி, முழங்கால் மடிப்பு எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். பெண் குழந்தைகளுக்குத் தலையை ஈர் பார்க்கிற மாதிரி வகிடு வகிடாகப் பாருங்கள். நம் அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன மாதம் பையன் இடுப்பில் ஒன்று கிடைத்தது, எள்ளு சைஸ். சாமணத்தால் முழுசாக வந்துவிட்டது. தேதி எழுதிய ஜிப் பையில் ஃப்ரீசரில் இருக்கிறது, தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில். தூக்கிப் போடச் சொல்லி மனைவி தினமும் கத்துகிறாள். முப்பது நாள் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.