ரோல்பிளேயிங் டேபிளில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

டேபிள்டாப் ரோல்பிளேயிங், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகப் பேசியே ஒரு கதையை நகர்த்தும் விளையாட்டு. இதை ஆட ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் செய்கிற காரியம், புத்தகம் வாங்குவது. இந்த வகையில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு (சுருக்கமாக டி அண்ட் டி) முக்கியப் புத்தகங்கள் மூன்று. ஒவ்வொன்றும் 300 பக்கத்துக்கு மேல். மூன்றையும் வாங்கி, ஒன்றில் பாதி படித்து, "இது நமக்கு ஒத்துவராது" என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அடிப்படை விதிகள் 2023 ஜனவரியிலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வந்துவிட்டன. அதைக்கூட முழுக்கப் படிக்கத் தேவையில்லை. ஒருவர் கேம் மாஸ்டர். எங்கே நிற்கிறீர்கள், எதிரே என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார். உங்கள் கேரக்டர் என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, உங்கள் திறமைக்கான எண்ணைக் கூட்ட வேண்டும். பூட்டைத் திறக்க 15 வேண்டும், உங்களுக்கு 17 வந்தது, கதவு திறந்தது. முதல் நாளுக்கு இவ்வளவு போதும். மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். விதியை விளக்கச் சொன்னால் இந்த ஆட்கள் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார்கள்.

பகடையில் 20 விழுந்தால் எதுவும் நடக்கும் என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. தாக்கும்போது 20 விழுந்தால் அடி நிச்சயம் படும், அது விதி. அதற்காகக் கோட்டைச் சுவரை ஒரே உதையில் இடித்துவிட முடியாது. சில டேபிள்களில் அப்படியும் ஆடுகிறார்கள்தான். ஆனால் அது அவர்கள் வீட்டு வழக்கம், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

டி அண்ட் டி-தான் மொத்த உலகமும் என்று நினைப்பது அடுத்த தவறு. 1974-ல் வந்து வழி திறந்தது அது, சரி. ஆனால் 1981-ல் வெளியான கால் ஆஃப் கதுலுவில் நீங்கள் வாள் ஏந்திய வீரர் இல்லை. நூலகத்தில் பழைய ஏடு புரட்டும் சாதாரண மனிதர். அங்கே பூதத்தைக் கண்டதும் பாய்ந்து அடிக்கப் போனால் உயிர் போகும், அல்லது புத்தி பேதலிக்கும். 1977-ல் வந்த டிராவலரில் கேரக்டரை உருவாக்கும்போதே அது செத்துப்போகலாம். 2009-ல் வந்த ஃபியாஸ்கோவில் கேம் மாஸ்டரே கிடையாது. ஆகவே யாராவது ஆடக் கூப்பிட்டால், என்ன ஆட்டம், சிரிப்பா பயமா சண்டையா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

ஆடுகிறவர்களைப் பற்றியும் முன்முடிவு வேண்டாம். 1980-களில் அமெரிக்காவில் இந்த ஆட்டம் சாத்தான் வழிபாட்டில் கொண்டுபோய் விடும் என்று பெற்றோரைப் பயமுறுத்தினார்கள். இன்று அந்தப் பயம் போய், எல்லோரும் குரல் மாற்றி நடிப்பவர்கள் என்ற நினைப்பு வந்திருக்கிறது. 2015-ல் ஒளிபரப்பைத் தொடங்கிய கிரிட்டிக்கல் ரோல் நிகழ்ச்சிக்கு அதில் பெரும் பங்கு. அதில் ஆடுகிறவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். அவர்களோடு உங்களையோ உங்கள் கேம் மாஸ்டரையோ ஒப்பிடாதீர்கள். "கடைக்காரரிடம் விலை குறைக்கச் சொல்லிக் கேட்கிறேன்" என்று சாதாரணமாகச் சொன்னாலே ஆட்டம் நகரும். டேபிளில் ஒருவருக்குச் சண்டைக் கணக்குப் பிடிக்கும், ஒருவருக்குப் புதிர், இன்னொருவர் வார இறுதியில் நண்பர்களைப் பார்க்க மட்டும் வந்திருப்பார். யாருக்கு என்ன பிடிக்கும் என்று கவனிக்கப் புத்தகம் எதுவும் தேவையில்லை.

என்னைக் கேட்டால், மிக மோசமான தவறு என்று ஒன்றைத்தான் சொல்வேன். தோழன் பையிலிருந்து திருடுவது, சமாதானம் பேசிக்கொண்டிருக்கும்போது அம்பு விடுவது, எல்லோரும் குகைக்குள் போகும்போது "நான் வரமாட்டேன்" என்று சாராயக் கடை மூலையில் உட்கார்ந்துகொள்வது. கேட்டால், "என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்." அந்தக் கேரக்டரை உருவாக்கியது யார்? திருடனாக ஆடுவதில் தப்பே இல்லை. திருடனுக்கும் கூட்டாளிகளை விட்டுக்கொடுக்காத காரணம் ஒன்றை எழுதிக்கொள்ள உங்களால் முடியும். நாலு பேர் மூன்று மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். அந்த நேரத்தை ஒருவர் மட்டும் தின்றுவிட்டு, பழியைக் காகிதத்தில் இருக்கும் ஆள்மேல் போடுவது நியாயமில்லை. பத்துப் பக்கத்துக்கு முன்கதை எழுதிக்கொண்டு வருவதும் கிட்டத்தட்ட இதே ரகம். இப்போதுதான் தொடங்கும் முதல் லெவல் மந்திரவாதி, கோப்ளின் என்ற குட்டிப் பூதம் விடும் ஒரே அம்பில் விழுந்துவிடலாம். நாலு வரி போதும், மிச்சம் ஆட்டத்தில் வரட்டும்.

ஆட்டம் தொடங்கும் முன் எதெல்லாம் கதையில் வரக்கூடாது என்று பேசிக்கொள்வார்கள். சில டேபிள்களில் எக்ஸ் எழுதிய அட்டை ஒன்றும் நடுவில் இருக்கும். யாராவது அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிடுவார்கள். இதைப் பார்த்துக் கேலி செய்யாதீர்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது இதன் அருமை புரியும்.

கேம் மாஸ்டராகத் தொடங்குகிறவர் தன் கதையை முடிவு வரை எழுதிவைத்துவிட்டு, ஆடுகிறவர்களை அந்தத் தடத்திலேயே தள்ளிக்கொண்டு போவார். இவருக்கு 1969-ல் மினசோட்டாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலப் போர் விளையாட்டு ஒன்றுக்காக பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை அமைத்தார். ஊரில் இருக்கும் ஆட்களாக ஒவ்வொருவருக்கும் ஒரு வேடம் கொடுத்தார். அவர்களோ போரை விட்டுவிட்டு, தங்களுக்குள் சதி செய்துகொண்டு, துவந்த யுத்தம் வரை போய்விட்டார்கள். ஆட்டம் கெட்டுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். வந்தவர்கள் இன்னொரு முறை நடத்தச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் அதே பாணியில் பிளாக்மூர் என்ற உலகத்தை நடத்தி, பிறகு கேரி கைகாக்ஸோடு சேர்ந்து டி அண்ட் டி-யை உருவாக்கினார். திட்டத்தை மீறியவர்களால் பிறந்த பொழுதுபோக்கு இது. ஊர், அங்கே இருக்கும் நாலைந்து ஆட்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் தயார் செய்யுங்கள்.

கடைசியாக, எடுத்த எடுப்பில் ஒரு வருடக் கேம்பெயினுக்கு, அதாவது பல நாள் தொடர்ந்து ஆடும் நீண்ட கதைக்கு, தலையாட்டாதீர்கள். ஒரே உட்காரலில் முடியும் ஒன்-ஷாட் ஒன்றை ஆடிப் பாருங்கள். டிராகன் கொன்ற கேம்பெயின்களைவிட, ஆட்களுக்கு நேரம் ஒத்துவராமல் செத்த கேம்பெயின்கள் அதிகம். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அப்புறம், சொந்தமாகப் பென்சில் கொண்டு போங்கள்.