சாத்தன் என்ற பெயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சங்கப் பாடல்களிலும் இலக்கண உரைகளிலும் அடிக்கடி வரும் ஆண்பெயர் சாத்தன். இதை விவிலியத்தின் சாத்தானோடு சேர்ப்பது முதல் தவறு. அது எதிராளி என்று பொருள்படும் எபிரேயச் சொல். இரண்டுக்கும் உறவே இல்லை.

வணிகக் கூட்டத்துக்குச் 'சாத்து' என்று பெயர். மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனாரும் கூலவாணிகர், அதாவது தானிய வணிகர்தான். அதற்காகச் சாத்தன் என்றாலே வணிகன் என்று எழுதிவிடக் கூடாது. புறநானூறு 242-இல் வரும் ஒல்லையூர்ச் சாத்தன் வேல்வீரன். அவன் மாய்ந்தபின் இளையோர் பூச்சூடவில்லை, வளையணிந்த பெண்கள் பூக்கொய்யவில்லை. அப்படியிருக்க 'முல்லையும் பூத்தியோ' என்று குடவாயிற் கீரத்தனார் கேட்கும் கேள்வி இன்றும் நெஞ்சை அறுக்கிறது. (சீத்தலை ஊர்ப்பெயர். சீழ்பிடித்த தலை என்பது பின்னால் கட்டிய கதை.)

அதிகம் பேர் சறுக்குவது கூட்டுப்பெயர்களில்தான். புறநானூறு 178-இன் தலைவன் கீரஞ்சாத்தன், அதாவது கீரன் மகன் சாத்தன். தொல்காப்பிய விதிப்படி தந்தை பெயரின் 'அன்' கெடும். 'அம்' என்ற சாரியை (சொற்களை இணைக்கும் இடைச்சொல்) சேரும். அதன் மகரம் சகரத்தின் முன் ஞகரமாகவும், ககரத்தின் முன் ஙகரமாகவும் திரியும். சாத்தங்கொற்றன் என்றால் சாத்தன் மகன் கொற்றன். முன்னே நிற்பவர் தந்தை. 'பெருஞ்சாத்தன்' இதில் சேராது, அங்கே 'பெரு' வெறும் அடைமொழி. சாத்தந்தை என்பதோ சாத்தனின் தந்தை. ஆதன் தந்தை 'ஆந்தை' ஆனதும் இவ்வழியில்தான். பிசிராந்தையார் பெயரில் பறவையைத் தேட வேண்டாம்.

எகிப்தின் குசேர் அல்-காதிம் துறைமுகத்தில் கிடைத்த பானையோட்டில் 'சாதன்' என்றிருக்கிறது. வேறு பெயரோ என்று மயங்க வேண்டாம். தமிழ்ப் பிராமியில் இரட்டை மெய்யை ஒற்றையாக எழுதுவது வழக்கம். அங்கேயே கிடைத்த 'கணன்' கண்ணன்தான்.

சிலப்பதிகாரத்தின் பாசண்டச் சாத்தன் மனிதன் அல்ல, தெய்வம். ஐயனாருக்கும் சாத்தன் என்ற பெயர் உண்டு. எனவே சாத்தனூர் என்று கண்டதும் ஆள்பெயரால் வந்த ஊர் என்று முடிவுகட்டாமல், அங்கே பழைய ஐயனார் கோயில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உரையாசிரியர்களின் 'சாத்தன் கையெழுதுமாறு வல்லன்' போன்ற தொடர்களை வைத்து வரலாறு எழுதுவதும் தவறு. அந்தச் சாத்தன் எடுத்துக்காட்டுக்காக வைத்த ஆள். அதே உரைகளில் 'சாத்தன் வந்தது' என்றும் வரும். அது அச்சுப்பிழை இல்லை, எருதுக்கும் சாத்தன் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆளா மாடா என்பதை வினைமுற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.